ஓடி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் ஆபத்து என்றவுடன் ஓடி வருகிறவர் ஒருவர்தான் இருந்தார். அவர் டிரெஸ்ஸர் ஐயா. பாம்பு தீண்டியவர், பால் கத்தியால் கையைக் கிழித்துக்கொண்டவர், பிரசவ வேதனையில் துடிக்கும் பெண், காய்ச்சலில் பிதற்றும் குழந்தை என்று எல்லாருக்காகவும் நடுநிசியில் கதவைத் திறந்தவர் அவரே. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-ஆம் ஆண்டில் இந்நாட்டில் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது என்றால், அந்த வேலையின் பொறுப்பு எத்தகையது என்பதை ஊகித்துக் கொள்ளலாம். இன்றோ பல தோட்டங்களில் அந்த மருந்துக் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. லயங்களே இல்லாமற்போன தோட்டங்களும் உண்டு. ஆபத்து என்றால் 999-ஐ அழைக்கிறோம். அம்புலன்ஸ் வருகிறது, 'பொம்பா' வண்டி வருகிறது.

அந்த வண்டிகளிலிருந்து இறங்குகிறவர்களில் நம் லயங்களில் பிறந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆனால் அவர்களைப் பற்றி நாம் பேசுவது பெரும்பாலும் இரண்டே சமயங்களில்தான். வண்டி வரத் தாமதமானால் ஏசுகிறோம். அவர்களே மாண்டுபோனால் கண்ணீர் விடுகிறோம். 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் பூச்சோங்கில் ஈயக்குட்டை ஒன்றில் விழுந்த 17 வயதுப் பையனைத் தேடி இறங்கிய தீயணைப்பு வீரர்கள் 6 பேர், தங்களைப் பிணைத்திருந்த கயிற்றோடு நீர்ச்சுழலில் சிக்கி மாண்டார்களே, அன்று நாடே அழுதது. மறுநாள் நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அவர்களுடைய தோழர்களும் மறுநாள் வேலைக்குத்தான் போனார்கள். மணி அடித்தால் அவர்கள் வண்டியில் ஏறித்தான் ஆக வேண்டும். அந்த மறுநாளைப் பற்றித்தான் நான் எழுத நினைக்கிறேன்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது அம்புலன்ஸில் வேலை செய்கிறான். பையன் என்கிறேன், அவனுக்கே ஆறு வயதில் பெண் குழந்தை இருக்கிறது. தாயார் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அந்த அம்மாள் என்னைத் தனியே அழைத்துப் போய், "டீச்சர், அவன் சோத்துத் தட்ட வச்சிக்கிட்டு அஞ்சடியில குந்திக்கிட்டே இருக்கிறான். சோறு காஞ்சி போவுது. நீங்க சொன்னா கேப்பான், ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். வேலையை விட்டுவிடப் போவதாகவும் அவன் சொல்லியிருந்தானாம்.

அவனைக் கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். தீபாவளிக்கு முந்திய வாரம் பெரிய சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து. பக்கத்துத் தோட்டத்துப் பையன், 16 வயது. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மூச்சில்லை. சாலையோரத்திலும் பிறகு வண்டியிலுமாக மருத்துவமனை வாசல் வரையில் மார்பை அழுத்திக்கொண்டே போயிருக்கிறார்கள். அங்கே டாக்டர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. யாருடைய குற்றமும் இல்லை என்று டாக்டரே இவனைக் கூப்பிட்டுச் சொன்னாராம்.

"வேலை செய்யறப்ப ஒண்ணும் தெரியாது டீச்சர். கை அது பாட்டுக்கு வேல செய்யும். வீட்டுக்கு வந்தப்புறம்தான். முச்சந்தியில அந்த லாரிய முந்தியிருந்தா, பழைய தோட்டத்து ரோட்ல பூந்திருந்தா, அஞ்சு நிமிஷம் முன்ன போயிருப்போமேன்னு கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கேன். அடுத்த தடவ போன் அடிச்சா கை நடுங்குது."

வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது என்று அவன் சொன்னது எனக்கு விளங்கியது. பள்ளியில் செம்பிறைச் சங்கத்துக்குப் பொறுப்பாசிரியை என்பதால் அந்தப் பயிற்சி எனக்கும் உண்டு. இதயம் நின்று இரத்தம் போகாவிட்டால் 4 முதல் 6 நிமிடங்களுக்குள் மூளை கெடத் தொடங்கிவிடும். ஆகவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் நெஞ்சை அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. முப்பது எண்ணி முடிக்க 15 விநாடி, மிஞ்சினால் 18 விநாடி. அந்த எண்ணிக்கை தவறக்கூடாது என்ற ஒன்றைத் தவிர அப்போது மனத்தில் வேறெதற்கும் இடமில்லை. இவன் தமிழில்தான் எண்ணுவானாம். "நீங்க ஒண்ணாம் வகுப்புல சொல்லிக் குடுத்த எண்ணிக்கைதான் டீச்சர்" என்றான். கூட வேலை செய்யும் மலாய்க்கார நண்பர் 'சாத்து, டுவா' என்று எண்ணுவாராம். கை மாற்றிக்கொள்ளும்போது பாஷையும் மாறுமாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

இந்தக் காலத்தில் 'இக்கணத்தில் வாழுங்கள்' என்று வகுப்புகள் நடத்துகிறார்கள், கட்டணமும் வாங்குகிறார்கள். நம் பெற்றோர் பால்மரம் வெட்டிய காலத்தில் இதற்கு வகுப்பு தேவைப்படவில்லை. கத்தி ஒரு நூல் ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம். மேலோடு போனால் பால் இல்லை. வெட்டும் அந்த நேரத்தில் நேற்றைய சண்டையும் நாளைய கடனும் நினைவில் இருந்தால் தண்டலிடம் பேச்சு வாங்க வேண்டியதுதான். ஆபத்தில் ஓடி வருகிறவர்களுக்கும் வேலை நேரத்தில் இக்கணம் தானாகவே வாய்த்துவிடுகிறது. கையுறையைக் கழற்றிய பிறகுதான் கஷ்டம். ஒரு பக்கம் நேற்று பிடித்து இழுக்கிறது. மறு பக்கம் நாளை பயமுறுத்துகிறது. நடுவில் இருக்கிற சோற்றுத் தட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை.

இவனுக்குப் புத்தி சொன்னவர்கள் பலர். "மறந்துவிடு தம்பி, ஜெபம் பண்ணு, விசுவாசம் இருந்தால் மனம் கலங்காது" என்று சபையிலேயே ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனாலும் எனக்கு அதில் சம்மதமில்லை. நான் போதகர் அல்ல. பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு பள்ளிக்கூடம் நடத்துகிறவள். எனக்குத் தெரிந்த வேதத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். மற்றச் சமயத்து வாசகர்களும் இவற்றைக் கதையாகக் கேட்கலாம்.

யோவான் எழுதின சுவிசேஷத்தின் 11-ஆம் அதிகாரத்தில் லாசருவின் சாவு வருகிறது. இயேசு பெத்தானியாவுக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் செய்து நான்கு நாட்களாகிவிட்டன. முதலில் மார்த்தாள் வருகிறாள். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டானே என்கிறாள். பிறகு மரியாள் வந்து காலில் விழுந்து அதையே சொல்கிறாள். அம்புலன்ஸ்காரர்களும் பொம்பாக்காரர்களும் வாசலில் கேட்கிற அதே சொல்தான்: முன்னமே வந்திருக்கக் கூடாதா? அவர் ஏன் தாமதித்தார் என்பதற்கு வேதம் கற்றவர்கள் விளக்கம் சொல்வார்கள். அது ஒரு புறம் இருக்கட்டும். அந்தச் சொல்லைக் கேட்டபோது அவர் என்ன செய்தார் என்பதே நம் விஷயம். வழக்காடவில்லை. விளக்கம் சொல்லி மரியாளின் வாயை அடைக்கவில்லை. உடலை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார், அழுதார்.

இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர் அவர். அதை அறிந்தவர். ஆனாலும் அழுதார். வரப்போகும் சந்தோஷத்தைக் காட்டி, இருக்கிற துக்கத்தை அவர் தள்ளிவிடவில்லை. இந்தக் கணத்தில் இருப்பது என்றால் கல்லாக இருப்பது என்று யாராவது சொன்னால், அவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை படிக்க வேண்டும். ஆகையால் அவனிடம், "அந்தப் பிள்ளைக்காக நீ அழுதாயா?" என்று கேட்டேன். இல்லை என்றான். கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததில் அழ நேரமில்லாமற்போயிற்று போலும்.

நல்ல சமாரியன் கதை எல்லாருக்கும் தெரிந்தது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியில் கள்ளர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராகக் கிடந்தவனை ஆசாரியன் பார்த்து விலகிப் போனான், லேவியனும் போனான், அந்நியனாகிய சமாரியன்தான் கிட்டே போனான். ஞாயிறு பள்ளியில் நாம் இவ்வளவோடு நிறுத்திவிடுகிறோம். லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் கதை இன்னும் கொஞ்ச தூரம் போகிறது. சமாரியன் கையில் இருந்த எண்ணெயையும் திராட்சரசத்தையும் வார்த்துக் காயம் கட்டுகிறான். தன் வாகனத்தில் ஏற்றுகிறான். சத்திரத்துக்குக் கொண்டுபோய் அன்றிரவு பார்த்துக்கொள்கிறான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசைக் கொடுத்து, இவனைக் கவனித்துக்கொள், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்படுகிறான். அந்தக் காசு ஒன்று ஒரு நாள் கூலி என்பது மத்தேயுவில் வருகிற திராட்சத் தோட்டத்துக் கூலியாட்கள் கதையிலிருந்து தெரிகிறது. ஆக, இரண்டு நாள் கூலி.

அடிபட்டவன் பிழைத்தானா? அதை இயேசு சொல்லவேயில்லை. நான் இந்தக் கதையை எத்தனையோ ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். பிழைத்தானா டீச்சர் என்று கேட்காத வகுப்பே கிடையாது. கதையில் பதில் இல்லை. பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் சமாரியன் நல்லவனே. அவன் கிட்டே போனான், கையில் இருந்ததைக் கொண்டு கட்டினான், அடுத்தவர் கையில் ஒப்படைத்தான், தன் வழியே போனான். ஒரு நாழிகைக்கு முன்னே இந்த வழியாக வந்திருந்தால் கள்ளரையே விரட்டியிருப்பேனே என்று அவன் சத்திரத்து வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டதாக வேதத்தில் இல்லை. அவன் புறப்பட்டுப் போனதை அன்பில்லாத செய்கை என்றும் யாரும் சொல்வதில்லை. சத்திரக்காரன் என்று ஒருவன் இருக்கிறான் என்ற நம்பிக்கை அவனுக்கு இருந்தது.

இதைத்தான் அவனிடம் சொன்னேன். "அந்தப் பையனை டாக்டர் கையில் கொடுத்தாய். டாக்டரும் தம்மால் ஆனதைச் செய்துவிட்டு இன்னொருவர் கையில் கொடுத்தார். அந்தக் கையிலிருந்து நீ மட்டும் ஏன் ஒவ்வொரு இரவும் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருகிறாய்?" அவன் பதில் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

நாளைய பயத்தைப் பற்றி வேறொரு நாள் பேசினோம். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னாவை மறுநாளைக்கென்று எடுத்து வைத்தவர்களுக்குப் பாத்திரத்தில் புழுத்தான் மிஞ்சியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பாகச் சேர்த்தார்கள், அது கெடவில்லை. இதில் எனக்கு ஒரு நியாயம் தெரிகிறது. நாளைக்காகச் செய்ய வேண்டிய வேலையும் இன்றைய வேலைதான். காலையில் வண்டியின் ஆக்ஸிஜன் தோம்பைச் சோதிப்பதும், கட்டுத்துணி இருக்கிறதா என்று பார்ப்பதும் கவலையல்ல, கடமை. சோதித்து முடித்து ஏட்டில் எழுதிய பிறகும் நெஞ்சில் வைத்துப் புரட்டிக்கொண்டிருப்பதுதான் புழுக்கிறது. அடுத்த விபத்துக்குத் தேவையான பலத்தை இன்றிரவே சேர்த்து வைக்க ஒருவராலும் முடியாது.

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். இளமையில் போர்வீரர்; காயம்பட்டுக் கால் ஊனமானவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையற்கட்டு; அது அவருக்குப் பிடிக்காத வேலை. பாத்திரச் சத்தத்தின் நடுவிலும் ஆலயத்தில் முழங்காற்படியிட்டிருக்கும்போது போலவே ஆண்டவரோடு இருக்கப் பழகிக்கொண்டார். அவர் 1691-இல் மறைந்தபின் அவருடைய கடிதங்களையும் பேச்சுகளையும் சிறு நூலாக்கினார்கள். போரைக் கண்ணால் கண்ட மனிதர் அடுப்படியில் அமைதி கண்டார் என்பதால் அவரை நினைக்கிறேன். கண்டது மறந்து போயிருக்காது. முன்னால் இருந்த பாத்திரத்தில் கைவைத்தபடியே கடவுளிடம் பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இனி வீட்டிலிருக்கும் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எலியா தீர்க்கதரிசி பெரிய காரியங்களைச் செய்து முடித்த கையோடு வனாந்தரத்தில் ஒரு சூரைச் செடியின் கீழ்ப் படுத்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டினார். தேவதூதன் வந்தான். பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்து, எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி தூங்கிவிட்டார். மறுபடியும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்செல்லாம் பிறகுதான். ஆகையால் பிள்ளை இரவு வேலை முடிந்து வந்ததும் "என்ன நடந்தது, எத்தனை பேர் செத்தார்கள்" என்று கேட்காதீர்கள். குளிக்கத் தண்ணீரும் சூடான சோறும் தூக்கமும் முதலில். அவர்களாகப் பேசும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேலாகியும் தூக்கமில்லை, கண்ட காட்சியே கண்ணில் நிற்கிறது, சிறு சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுகிறது, பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறார் என்றால் வைத்தியரிடம் அழைத்துப் போக வேண்டும். இது பைத்தியமல்ல; பேய்க்கோளாறும் அல்ல. விசுவாசக் குறைவு என்று சொல்வாரும் உண்டு. கை முறிந்தவனிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா? அரசாங்கக் கிளினிக்கில் கேட்டால் உரிய இடத்துக்கு அனுப்புவார்கள். யாரிடமாவது மனம் விட்டுப் பேசினால் போதும் என்றிருப்போருக்கு, 1970 முதல் கோலாலம்பூரில் தொண்டு செய்து வரும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண் இருக்கிறது. பெயர் சொல்ல வேண்டியதில்லை.

அவனும் போனான். மூன்று நான்கு தடவை ஆலோசகரைப் பார்த்தான். வேலையை விடவில்லை. முழுக்கத் தேறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். தீபாவளி நெருங்கினால் இப்போதும் முகம் வாடுகிறது. ஒரு பழக்கம் மட்டும் ஏற்படுத்திக்கொண்டான். நோயாளியை மருத்துவமனையில் ஒப்படைத்ததும் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, குழாயடியில் கை கழுவும்போது அந்த ஆளின் பெயரை ஒருமுறை மனத்துக்குள் ஆண்டவரிடம் சொல்கிறான். பெயர் தெரியாவிட்டால் 'அந்த நீலச் சட்டைக்காரர்' என்று சொல்வானாம். தண்ணீரை மூடிவிட்டு வண்டிக்குத் திரும்பிவிடுகிறான்.

சென்ற மாதம் அவனை எங்கள் பள்ளிக்கு அழைத்திருந்தேன். செம்பிறைச் சங்கத்துப் பிள்ளைகள் முழங்காற்படியிட்டு, பழைய தலையணைகளை வைத்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கத்தி எண்ணியதில் பக்கத்து வகுப்பில் பாடம் நடக்கவில்லை. தலைமையாசிரியர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு வியர்த்து வழிந்தது. "எவ்வளவு நேரம் சார் அழுத்தணும்?" என்று கேட்டாள்.

"மூச்சு வர்ற வரைக்கும். இல்லாட்டி அடுத்த ஆளு வந்து கை வைக்கிற வரைக்கும்" என்றான் அவன்.

அவள் நகர்ந்துகொண்டாள், பக்கத்தில் இருந்த பையன் கை வைத்தான். ஓய்வு மணி அடித்தபின் எல்லாரும் கை கழுவிவிட்டு மைலோ குடிக்கப் போனார்கள். அவனும் ஒரு குவளை வாங்கிக்கொண்டு பிள்ளைகளோடு வாங்கில் உட்கார்ந்தான்.